அடி திரும்பினால்தான் ஆதாரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் 11 ஆண்டுகளாகச் சிறப்புக் கல்வி ஆசிரியை. என்னிடம் வரும் ஆட்டிசம் உள்ள 7 வயதுப் பையன், பாடம் கடினமானால் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொள்வான். எதையும் மாற்றாமல் 5 நாள் எண்ணினேன். அரை மணி நேரத்தில் 18, 20 அடி. பிறகு ‘போதும்’ என்று காட்டும் பட அட்டையை நீட்டப் பழக்கினேன். இரண்டாம் வாரத்தில் 3, 4 ஆகக் குறைந்தது.

என் ஆய்வு வழிகாட்டியோ, “ஒரு வாரம் அட்டையை எடுத்துவிடுங்கள், அடி திரும்பினால்தான் நிரூபணம்” என்றார். ஒற்றை நபர் ஆய்வில் அது செல்லுபடியாகும் முறைதான். ஆனால் கன்னம் கன்றிப்போகும் பிள்ளையிடம் அதைச் செய்ய என்னால் முடியாது.

1968-லேயே பேயர், வுல்ஃப், ரிஸ்லி என்ற நடத்தை ஆய்வாளர்கள் மூவரும் இன்னொரு வழியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை இவனுக்குப் பொருத்தினால், வகுப்பு, சாப்பாட்டு நேரம், வேன் என மூன்று இடத்திலும் தொடர்ந்து எண்ண வேண்டும். அட்டையை ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு நாளில் தொடங்க வேண்டும். தொடங்கிய இடத்தில் மட்டும் அடி குறைந்து, மற்ற இடங்களில் அப்படியே இருந்தால் காரணம் அட்டைதான். எதையும் பறிக்கத் தேவையில்லை.

நல்லவேளை, வேனில் வரும் ஆயா முதல் நாளிலிருந்தே காலண்டர் தாளின் பின்புறம் கோடு கிழித்து எண்ணி வைத்திருந்தார். அந்தத் தாள்களையும் ஆதாரமாக ஏற்கும்படி வழிகாட்டிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

– சிறப்புக் கல்வி ஆசிரியை, தென்காசி