காரில் ஏறும் எல்லோருக்கும் ஸ்டெப்னி மாற்றத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வாரம் ஒருமுறை வரும் கார் பக்கத்தை நான் விடாமல் படிக்கிறேன். புதிதாக வரும் கார்களின் இன்ஜின், மைலேஜ், உள்ளே இருக்கும் திரையின் அளவு என்று எல்லாம் விவரமாக வருகிறது. அந்தப் பக்கத்தில் ஒரு மூலையையாவது, ஏற்கெனவே வீட்டு வாசலில் நிற்கும் காருக்காக ஒதுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, நான், என் கணவர், மகள், ஐந்து வயதுப் பேத்தி நான்கு பேரும் வெளியூர் போய்விட்டு நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். எப்போதும் என் கணவர்தான் ஓட்டுவார். அன்று அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் மகள் ஓட்டினாள். வழியில் பின் டயர் ஒன்று பஞ்சர். வண்டி ஒரு பக்கமாக இழுத்ததும் அவள் சட்டென்று பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிட்டு ஓரம் கட்டினாள். அதுவரை சரி. அதற்கப்புறம் நாங்கள் செய்தது எதுவும் சரியில்லை.

நான்கு பேரும் இறங்கி, வண்டிக்குப் பின்னால் நின்று டயரைப் பார்த்தோம். எங்கள் உடம்பே பின் விளக்குகளை மறைத்துக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானை அழுத்தினால் நாலா பக்கமும் விளக்கு மினுக்கும் என்பது தெரிந்தும், யாருக்கும் கை போகவில்லை. சாலையில் வைக்க வேண்டிய எச்சரிக்கை முக்கோணம், வாங்கிய நாளில் இருந்த உறையோடு டிக்கியிலேயே கிடந்தது. ஜாக்கி எங்கே என்று மகள் கேட்டாள். நான்கு வருடமாக உரிமம் வைத்திருப்பவள் அவள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களோ, தேர்வு வைத்தவர்களோ, அவளைப் பெற்ற நாங்களோ அதைச் சொல்லித் தந்ததில்லை.

எங்களைத் தாண்டிப் போன லாரி ஒன்று கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. ஓட்டுநர் இறங்கி நடந்து வந்தார். அவர் முதலில் டயரைப் பார்க்கவில்லை. "அம்மா, மொதல்ல பாப்பாவ கூட்டிக்கிட்டு அந்தத் தடுப்புக்கு அந்தாண்ட போய் நில்லுங்க. டயர் எங்கயும் போயிடாது" என்றார்.

நான் 30 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இருட்டில் 50 மீட்டர் தள்ளி எங்களைப் பார்க்கிற ஓட்டுநருக்கு இரண்டேகால் வினாடிதான் இருக்கிறது. என்ன இருக்கிறது என்று உணர்ந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அதில் ஒரு வினாடிக்கு மேல் போய்விடும். அந்த இடத்தில் என் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

அந்த ஓட்டுநர் முக்கோணத்தைப் பிரித்து, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடியே சாலை ஓரமாகப் பின்னோக்கி எழுபது எண்பது அடி எடுத்து வைத்துப் போய் நிறுத்திவிட்டு வந்தார். வண்டியை கியரில் போடச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கைத் தானே இழுத்துப் பார்த்தார். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். பிறகு டிக்கியில் இருந்து ஸ்டெப்னியை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அதில் காற்றே இல்லை. கார் வாங்கியதில் இருந்து ஒரு தடவைகூட நாங்கள் அதற்குக் காற்று பார்த்ததில்லை. தன் லாரியைப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் காற்றுத் தொட்டியில் இருந்து நீளமான குழாய் போட்டு ஸ்டெப்னிக்குக் காற்று அடித்து, டயரையும் மாற்றிக் கொடுத்தார். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் மட்டும் நிற்காமல் போயிருந்தால் அந்த இரவு எங்களுக்கு எப்படி முடிந்திருக்கும் என்று தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிச்சத்தில், சமதளமான இடத்தில் காரை நிறுத்தி, நல்ல டயரையே கழற்றி மாட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். என் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நானும் மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு முறை செய்தோம். அந்தக் காலைப்பொழுதில் கற்றதைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நட்டுகளை ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் அழுந்தி இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு திருகினால் சக்கரமும் கூடவே சுற்றும், வண்டியும் ஜாக்கியில் ஆடும். எங்கள் நட்டுகள் அசையவே இல்லை. காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி போன்ற கருவியால் முடுக்கியவை அவை. சாதாரணக் குடும்பக் கார்களில் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். என் எடை 52 கிலோ. 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் என் முழுப் பாரத்தையும் கொடுத்தால் கிட்டத்தட்ட 125 நியூட்டன் மீட்டர் வரும். அதாவது சரியாக முடுக்கிய நட்டை என்னால் தளர்த்த முடியும், அளவுக்கு மீறி முடுக்கியதை முடியாது. ஸ்பானரின் கைப்பிடியில் அரை மீட்டர் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகிக் கீழ்நோக்கி அழுத்தியதும் 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. அந்தக் குழாய் இப்போது டிக்கியிலேயே இருக்கிறது. தளர்த்த மட்டும்தான் அது. முடுக்குவதற்குப் போட்டால் போல்ட் இழுபட்டு விடும்.

ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அந்த ஓட்டுநர் ஏன் முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜாக்கியை வைக்க, கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பில் சக்கரத்துக்கு அருகே குறி இருக்கிறது. வேறு எங்கே வைத்தாலும் தகடு நசுங்கும், இல்லாவிட்டால் ஜாக்கி நழுவும். கழற்றும் வேலை நடக்கும்போது ஸ்டெப்னியைப் படுக்கவைத்து வண்டியின் விளிம்புக்கு அடியில் தள்ளி வைக்கச் சொன்னார் என் கணவர். ஜாக்கி நழுவினாலும் வண்டி டயர்மேல்தான் விழும். கையோ காலோ வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

மாட்டும்போது நட்டின் கூம்பான பக்கம் உள்ளே பார்க்க வேண்டும். முதலில் கையாலேயே திருகி, பிறகு பக்கத்துப் பக்கத்து நட்டாகப் போகாமல் எதிர் எதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் கோணாமல் உட்காரும். கடைசி முடுக்கு, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை முடுக்கிப் பார்ப்பது அவசியம். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருந்தால் அது தற்காலிகத்துக்கு மட்டும். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று பெரும்பாலும் அதன் மேலேயே எழுதியிருக்கும்.

முதல் முறை எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. இப்போது இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். எனக்கு வயது 61.

அன்று இன்னொன்றையும் கண்டுபிடித்தோம். மாப்பிள்ளையின் காரில் ஸ்டெப்னியே கிடையாது. அதற்குப் பதிலாக ஒட்டும் திரவம் ஒரு குப்பியும் சின்னக் காற்று பம்பும் கொடுத்திருக்கிறார்கள். ஆணி குத்தியதற்கு அது உதவும். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் உதவாது. இரண்டு வருடம் அந்தக் காரை ஓட்டியும் அவருக்கு அது தெரியாது. திருட்டுத் தடுப்பு நட்டு போட்ட கார்களில் அதைக் கழற்றத் தனிச் சாவி ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள்.

காற்று அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயர்மேல் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிப்பவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வண்டி ஓடி டயர் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும், மாதம் ஒரு முறையாவது, ஸ்டெப்னியையும் சேர்த்து. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. எங்கள் ஸ்டெப்னியின் வயது எங்கள் பேத்தியின் வயதைவிட அதிகம்.

இன்ஜின் சூடேறி ஆவி வந்தால் ரேடியேட்டர் மூடியை உடனே திறந்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே இருப்பது குக்கரைப் போல அழுத்தத்தில் இருக்கும் திரவம். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் இறங்கி, மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். இன்ஜினை நிறுத்தி, அரைமணி நேரத்துக்கு மேலாவது ஆறவிட்டு, தொட்டுப் பார்த்த பிறகுதான் எதுவும். பேட்டரி இறங்கி, இன்னொரு காரில் இருந்து கேபிள் போடுகிறவர்கள், கடைசி இணைப்பான கறுப்புக் கேபிளை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், கொஞ்சம் தள்ளி இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. டாஷ்போர்டில் சிவப்பாக எண்ணெய்க் கிண்ணம் போல விளக்கு எரிந்தால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டக் கூடாது. பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆதங்கம் பின் இருக்கை பெல்ட்டைப் பற்றித்தான். மூன்று முனைகளில் பிடிக்கும் பெல்ட்டை வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் 1959-இல் வடிவமைத்தார். உயிர் காக்கும் விஷயம் என்று அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பின்னால் உட்காருபவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் சொருகி வைக்கிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 10 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் வரும் கார் பத்தில் ஒரு வினாடியில் நின்றால், மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாய்க்கும் அந்தப் பலம் கிடையாது. பாசம் இருக்கிறது, அதனால் கையில் பிடித்துக்கொள்வேன் என்று நாமும் நம்பிவிடுகிறோம். குழந்தைக்கு அதன் இருக்கை, மற்ற எல்லோருக்கும் பெல்ட், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும். எங்கள் காரில் எல்லாரும் பெல்ட் போட்ட பிறகுதான் சாவியைத் திருப்புகிறோம். அதைக் கவனிக்கும் பொறுப்பைப் பேத்தியிடம் கொடுத்திருக்கிறோம். அவள் யாரையும் விடுவதில்லை.

ஆசிரியர் அவர்களே, எங்கள் வீட்டில் காரைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவரால் முடியாத ஓர் இரவில் நாங்கள் மூன்று தலைமுறையும் நெடுஞ்சாலையில் நின்றோம். பல வீடுகளில் இன்றும் நிலைமை இதுதான் என்பது, இந்தச் சம்பவத்தைச் சொன்னபோது என் பழைய மாணவர்களும் சக ஆசிரியைகளும் சொன்னதில் இருந்து தெரிகிறது. ஓட்டுநர் பயிற்சியில் ஒரு டயரையாவது கழற்றி மாட்டவைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அது நடக்க நாளாகலாம். உங்கள் கார் பக்கத்தில் வாரம் ஒரு சின்னக் கட்டுரையை, படத்தோடு, ஓட்டத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி வெளியிடுவது அடுத்த வாரமே முடியும். டிக்கியின் தரை அட்டையைத் தூக்கி, ஜாக்கி எங்கே இருக்கிறது என்று காட்டும் படத்தில் இருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர்