குளிர்ந்த கையில் எடுக்கும் பிபி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தில்லியில் ஜனவரிக் காலையில் வாக்கிங் போய்விட்டு வந்த கையோடு பிபி பார்ப்பதும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டுவதும், எண்ணைப் பார்த்துப் பதறிப்போய்த் தூங்கும் மகனை எழுப்புவதும் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டு கருவியையும் ஒரே கண்ணால் பார்ப்பதுதான் சிக்கல்.

ஆக்ஸிமீட்டர், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே விட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் வந்துபோகும் ரத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. குளிரில் உடம்பு தன் சூட்டைக் காக்க விரல்நுனி ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். துடிப்பு மங்கினால் கருவி தடுமாறும். ஆக்ஸிஜன் 97 சதவீதம் இருப்பவருக்கு 88 காட்டினாலும் காட்டும், இல்லையென்றால் வெறும் கோடுதான். திரையில் பிஐ என்ற எண் (விரலில் துடிப்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதன் அளவு) இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். 0.3, 0.2 என்று கிடந்தால் ஆக்ஸிஜன் அளவை நம்ப வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை 5 நிமிடம் வைத்து, ஈரம் துடைத்து, வேறு விரலில் மாட்டுங்கள். எண் அரை நிமிடம் அசையாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயால் கை மரத்துப்போனவர்களுக்குத் தண்ணீரின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினால் விரலைச் சூடாக்கிக்கொண்டு உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பிபி விஷயம் அப்படியில்லை. அங்கே பெரும்பாலும் கருவி பொய் சொல்வதில்லை. குழாய்கள் சுருங்குவதால் அழுத்தமே ஏறுகிறது. ஐஸ் தண்ணீரில் கையை ஒரு நிமிடம் வைத்து, பிபி எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் பரிசோதனை 1930களிலிருந்தே இருக்கிறது. வெளியிலிருந்து வந்தால் அரை மணி நேரம் அறைக்குள் இருந்து, கடைசி 5 நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, அதன்பின் அளப்பதே முறை. ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினால் அதுவே தோளுக்குக் கீழ் ஒரு கட்டுப்போல் இறுக்கும்; ஸ்வெட்டரிலிருந்து கையை வெளியே எடுத்துவிடுங்கள். நடுங்கும் கையில் தானியங்கிக் கருவி எரர் காட்டும். மணிக்கட்டில் கட்டும் கருவி, குளிருக்குச் சுத்தமாக ஆகாது. கீசர் வெந்நீரில் குளித்த உடனே எடுத்தால் நேர்மாறு: குழாய்கள் விரிந்து எண் இறங்கியிருக்கும்.

ஈசிஜியிலும் குளிர் விளையாடும். நடுக்கம் ரம்பப் பல்லாகப் பதிந்து, இதயம் தாறுமாறாகத் துடிப்பதுபோல் தோற்றம் தரும். போர்வை போர்த்தி எடுத்தால் போதும்.

பூங்காக்களில் காலை 7 மணிக்குப் பனியில் இலவச பிபி முகாம் நடத்தும் குடியிருப்போர் சங்கங்கள், அதை 11 மணிக்கு மேல் மூடிய அறையில் வைக்கலாமே? அங்கே எழுதிக் கொடுக்கும் ஒற்றை எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் காலை, மாலை எடுத்த அளவுகளை டாக்டரிடம் காட்டுங்கள். பனிக்காலத்தில் உண்மையாகவே மாத்திரை கூட்ட வேண்டியிருந்தால் அவர் கூட்டுவார்; ஏப்ரல் வெயிலில் எழுந்து நின்றதும் தலை சுற்றினால், குறைப்பதற்கும் அவரிடமே போக வேண்டும்.

மருத்துவப் பரிசோதனைத் துறை வாசகர்கள் சிலர்,
மயூர் விகார், தில்லி.