பண்பாட்டு விழாவும் ஒளிப்பாடமும்: ஒரு வேட்டியும் ஒரு பல்பும் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றால் சமையல் சோடாவும் வினிகரும் பொங்கும் எரிமலை. பண்பாட்டு விழா என்றால் ஆளுக்கொரு மாநில உடை. வாடகை உடையை மாலையே திருப்பிக் கொடுத்த பிறகு அந்த மாநிலத்தைப் பற்றிப் பிள்ளைகளின் மனதில் எதுவும் தங்குவதில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகளின் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது பெரிய வீணடிப்பு. இரண்டு விழாவையும் ஒரே வேலையாக்க, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் கதை சொல்லும் தோல்பாவைக் கூத்தைவிடப் பொருத்தமானது இல்லை என்பது எங்கள் கருத்து.

நம்மைச் சுற்றியுள்ள மாநிலங்கள் ஒரே நிழலை வெவ்வேறு வழியில் கையாண்டிருக்கின்றன. ஆந்திரத்தின் தோலு பொம்மலாட்டமும் கர்நாடகத்தின் தொகலு கொம்பெயாட்டமும் தோலை ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திச் சாயமிட்டு, நிழலையே வண்ணத்தில் விழவைக்கின்றன. கேரளத்தில் ஒளி புகாத தோலில் துளையிட்டு, தேங்காய் மூடிகளில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, நம் கம்பராமாயணப் பாடல்களைச் சொல்லி ஆடுகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கலையைக் காத்து வருபவர்களோ வீட்டில் மராத்தி பேசும் குடும்பத்தினர். ஆந்திரத்தின் தளவாய் சலபதி ராவுக்கு 2020-இலும், கேரளத்தின் ராமச்சந்திர புலவருக்கு 2021-இலும், கர்நாடகத்தின் பீமவ்வாவுக்கு 2025-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் ஒரு பாவையைக்கூடப் பார்த்ததில்லை.

வகுப்பறையில் தோல் வேண்டாம், வரைதாள் போதும். ஏ4 அளவுத் தாளில் உருவத்தைப் பக்கவாட்டு முகமாக வரைய வேண்டும். நேர்முகமாக வரைந்து வெட்டினால் நிழலில் மூக்கும் வாயும் போய் முட்டை வடிவம்தான் மிஞ்சும். நிறத்துக்கு ஸ்கெட்ச் பேனா அல்லது உணவுச் சாயம். போஸ்டர் கலர் ஒளியைத் தடுத்துவிடும். மேஜையில் பளிச்சென்று இருந்த சிவப்பு, திரையில் கறுப்பாக விழும். நிறம் காய்ந்ததும் பஞ்சில் எண்ணெய் தொட்டுப் பின்பக்கம் தேய்த்து, செய்தித்தாள்களுக்கு இடையில் ஓர் இரவு வைத்தால் தாள் கண்ணாடிபோல் ஆகிவிடும். தாளின் இழைகளுக்கு நடுவே உள்ள காற்றுதான் ஒளியைச் சிதறடித்து அதை வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த இடத்தில் எண்ணெய் புகுந்தால், எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணும் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) இழையின் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக (சுமார் 1.5) இருப்பதால் சிதறல் குறைகிறது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையும். மார்கழிக் காலையில் ஓசூர், தளி பக்கம் பாவை மங்கிப்போய் நிற்கும். நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ நல்லது. வரிசையும் முக்கியம்: நிறம் முதலில், எண்ணெய் பிறகு. எண்ணெய் பட்ட தாளில் சாயமும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. பெர்மனென்ட் மார்க்கரைத் தொடவே வேண்டாம், அதன் மை எண்ணெயில் கரைந்து பரவும். கை, கால் மூட்டுகளைத் தளர்வான நூல் முடிச்சால் இணைத்து, ஈர்க்குச்சியையும் நூலாலேயே கட்டிவிடலாம். எண்ணெயைப் பிழியப் பிழியத் தேய்த்தால் அது திரையில் ஒட்டி, ஒட்டிய இடம் பார்வையாளர் பக்கம் வெளிச்சப் பொட்டாகத் தெரியும். காரணம் மேலே சொன்னதேதான். ஆய்வகத்தில் விளக்குகளின் ஒளிச்செறிவை ஒப்பிடும் கருவியான புன்சனின் எண்ணெய்ப்பொட்டு ஒளிமானி இயங்குவதும் இப்படித்தான்.

திரைக்கு நாலு முழ வெள்ளைப் பருத்தி வேட்டியை ஒற்றையாக இழுத்துக் கட்டினால் போதும். விளக்கு, 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று. எண்ணெய்த் தாளுக்குப் பக்கத்தில் அகல் விளக்கோ மெழுகுவத்தியோ கூடவே கூடாது. பார்வையாளர் பக்கத்து ஜன்னல்களை முதலில் மூட வேண்டும். அந்த வெளிச்சம் திரை முழுவதும் சமமாகப் படிந்து நிழலின் கருமையைக் கெடுத்துவிடும்.

இனி அளவுகோலை எடுக்கலாம். பல்பின் குறுக்களவு சுமார் 6 செ.மீ.; திரையிலிருந்து 150 செ.மீ. தள்ளி வைப்போம். பாவை திரையைத் தொட்டால் கோடு கூர்மை. 10 செ.மீ. தள்ளினால் விளிம்பில் சுமார் 4 மி.மீ. புறநிழல், அதாவது ஒளி ஓரளவு மட்டும் படும் மங்கல் ஓரம். 50 செ.மீ. தள்ளினால் அது 3 செ.மீ.; அப்போது 20 செ.மீ. பாவையின் நிழல் 30 செ.மீ. ஆகியிருக்கும், ஆனால் முகம் கலங்கிவிடும். அனுமன் விஸ்வரூபம் எடுக்கும் காட்சிக்கு மட்டும் பல்பை அணைத்து, சுமார் 3 மி.மீ. ஒளிமூலம் கொண்ட செல்போன் டார்ச்சை அதே இடத்தில் பிடித்தால் புறநிழல் ஒன்றரை மி.மீ.யாகச் சுருங்கும், உருவம் கூர்மை குறையாமல் பெரிதாகும்.

அப்படியானால் முழுக் கூத்தையும் டார்ச்சிலேயே நடத்தலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். குச்சிகள் எல்லாம் திரையில் அப்பட்டமாகத் தெரியும். அகலமான பல்பு இருந்தால், 2 மி.மீ. ஈர்க்குச்சியைத் திரையிலிருந்து 5 செ.மீ. விலக்கிச் சாய்த்துப் பிடித்ததுமே அதன் கருநிழல் (ஒளியே படாத முழு இருட்டுப் பகுதி) திரையை எட்டாமல் முடிந்துவிடும். பாவை திரையோடு ஒட்டி இருக்கும், குச்சி மட்டும் மறையும். கூத்தாடிகள் பாவையைத் திரையில் அழுத்தி ஆடுவதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

கேரளத்து 21 விளக்கைப் புரிந்துகொள்ள மூன்று பல்புகளே போதும். 20 செ.மீ. இடைவெளியில் வரிசையாக வைத்து, பாவையைத் திரையிலிருந்து 10 செ.மீ. விலக்கினால் மூன்று நிழல்கள், ஒன்றிலிருந்து ஒன்று சுமார் 1.4 செ.மீ. தள்ளி விழும். திரையில் ஒட்டினால் மூன்றும் ஒன்றாகிவிடும். விளக்கை எத்தனை கூட்டினாலும் நிழல் கலையாமல் வெளிச்சம் மட்டும் கூடும் சூட்சுமம் இது.

உருவம் வரைய விரும்பாத பிள்ளைகளுக்கும் இதில் வேலை உண்டு. மசூதி ஜன்னல்களின் ஜாலி (துளைச் சல்லடை) வேலைப்பாட்டைக் கறுப்பு அட்டையில் 3 மி.மீ. முக்கோணத் துளைகளாக வெட்டட்டும். திரையில் ஒட்டினால் முக்கோணம் தெரியும். 50 செ.மீ. விலக்கினால் ஒவ்வொரு துளையும் சுமார் 3 செ.மீ. வட்டமாகும். அது துளையின் வடிவம் அல்ல, பல்பின் பிம்பம். புளியமரத்தடியில் நண்பகலில் விழும் வெயில் வட்டங்கள் சூரியனின் பிம்பங்கள் என்று இதை வைத்தே காட்டிவிடலாம்.

கதையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். தமிழ்ப் பாவைக்கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் தெலுங்குக் கூத்தின் நகைச்சுவைப் பாத்திரமான பங்காரக்காவை ஓசூர் சந்தையில் சந்தித்தால், வசனத்தை ஆசிரியர் எழுதித் தர வேண்டியிருக்காது. பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிரீடமும் புஜகீர்த்தி என்னும் தோளணியும் கையிலேயே வரும்.

கல்வித் துறைக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். 2022-இல் தொடங்கிய வானவில் மன்றமும் (அறிவியல், கணிதச் செயல்முறைத் திட்டம்) கலைத் திருவிழாவும் பள்ளிகளில் தனித்தனியே நடக்கின்றன. ஓவிய ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து வழிநடத்தும் போட்டிப் பிரிவு ஒன்றைக் கலைத் திருவிழாவில் சேர்க்கலாம். நடுவர்கள் ஆட்டத்தைத் திரைக்கு முன்னால் பாதி நேரமும், பின்னால் அளவுகோலோடு பாதி நேரமும் பார்த்து மதிப்பெண் போடட்டும். வேப்பனப்பள்ளியில் வெட்டிய பாவை தளியில் ஆட வேண்டுமானால் பாவையோடு விளக்கின் தூரத்தையும் பல்பின் அளவையும் எழுதி அனுப்பினால் போதும். நன்றாக மூடிய தகரப் பெட்டியில் அனுப்புங்கள்; நல்லெண்ணெய் வாசத்துக்கு எலி வராமல் இருக்காது.

இப்படிக்கு,
இயற்பியல், ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.