லோஸில் ஒரு லெப்டினன்ட்டின் கல்லறை

அன்புள்ள கயல்,

எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் மகன் ஜானின் கல்லறையைப் பார்க்க, பிரான்ஸின் லீலில் இருந்து ஞாயிறன்று கிளம்புவதாக எழுதியிருந்தாய். முதலில் ஊரைச் சரியாகப் பிடித்துக்கொள். லீலை ஒட்டியே லோஸ் என்று ஓர் ஊர் உண்டு, அங்கே போய் இறங்கிவிடாதே. நீ தேடுவது லான்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற லோஸ்-அன்-கோயல். லான்ஸ் வரை ரயிலில் போய், மேற்கொண்டு சைக்கிளில் போனால் வசதி.

லான்ஸ்-பெத்தூன் சாலையில் டட் கார்னர் கல்லறைத் தோட்டம் வரும். அதன் சுவர்களில் 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. எல்லாரும் கல்லறை எதுவென்று தெரியாதவர்கள். வாசல் மண்டபத்தின் மாடிக்கு ஏறிப் பார், முதல் உலகப் போரில், 1915இல், லோஸ் சண்டை நடந்த சமவெளி முழுக்கத் தெரியும்.

ஜான் கிப்ளிங் 1897 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தவன். கண்பார்வை மிக மோசம், படையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அப்பா ருட்யார்ட் கிப்ளிங் தன் நண்பரான ஃபீல்ட் மார்ஷல் லார்ட் ராபர்ட்ஸிடம் சொல்லி ஐரிஷ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவில் இடம் வாங்கினார். சிபாரிசுதான், வேறென்ன? 1915 செப்டம்பர் 27 பிற்பகல் சாக் பிட் வுட் என்ற சிறு காட்டுக்கு அருகே நடந்த தாக்குதலில் பையன் காணாமல் போனான். பதினெட்டு முடிந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. 1917இல் போர்க் கல்லறை ஆணையத்தில் சேர்ந்த அப்பா, பெயர் தெரியாதவர்களின் கல்லில் பொறிக்க 'கடவுள் அறிவார்' என்ற பொருளில் வரும் வரியைத் தேர்ந்து கொடுத்தார். மகன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாமலே 1936இல் இறந்தார்.

அடுத்து, வெர்மெல்லுக்கும் உலூக்குக்கும் நடுவே இருக்கிற செயின்ட் மேரிஸ் ஏ.டி.எஸ். (போர்முனைச் சிகிச்சை நிலையம்) கல்லறைத் தோட்டத்துக்குப் போ. ஏழாம் பகுதி, டி வரிசை, 2ஆம் எண். 1919இல் எடுத்த ஓர் உடலை 'ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட்' என்று மட்டும் எழுதிப் புதைத்த இடம் அது. 1992இல் ஆணையம் அந்தக் கல்லை மாற்றி ஜான் பெயரைப் பொறித்தது. காணாமல் போன மற்ற லெப்டினன்ட்களை ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்ததில் மிஞ்சியவன் இவன்தான் என்பது அவர்கள் கணக்கு.

அது ஜானின் உடல்தான் என்பதற்கு ஆட்சேபம் இரண்டு. இறந்த அன்று ஜான் செகண்ட் லெப்டினன்ட், தோளில் ஒற்றை நட்சத்திரம். பதவி உயர்வு 1915 நவம்பரில்தான் அரசிதழில் வந்தது, ஆனால் ஜூன் 7 முதல் முன்தேதியிட்டு. லெப்டினன்ட்டுக்குரிய இரட்டை நட்சத்திரத்தை அவன் முன்கூட்டியே தைத்துக்கொண்டானா என்பது முதல் கேள்வி. இன்னொன்றுதான் எனக்குச் சுவாரசியம். உடல் எடுத்த இடம் ஜி.25.சி.6.8 என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்து ராணுவ வரைபடத்தில் எழுத்துக் கட்டம் ஒவ்வொன்றும் 6,000 கெஜ அகலம். அதற்குள் 1,000 கெஜத்தில் எண் கட்டங்கள், அவை மறுபடி ஏ, பி, சி, டி என நான்காகப் பிரியும். சாக் பிட் வுட் இருப்பது எச்.25இல். ஜி.25 என்றால் 6,000 கெஜம் மேற்கே, பிரிட்டிஷ் அணிக்கும் பின்னால். பட்டாவில் ஒரு சர்வே எண் தப்பினால் நிலமே வேறாகிப்போவது மாதிரி. பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுத்தர் எச்சுக்குப் பதில் ஜி எழுதிவிட்டார் என்றார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஐரிஷ் கார்ட்ஸ் அதிகாரி ஒருவரின் உடல் அவ்வளவு மேற்கே கிடக்கக் காரணம் வேண்டுமே? ஆனாலும் இது ஊகம், சாட்சி இல்லை.

கல்லின் உயரம் 2 அடி 8 அங்குலம், அகலம் 1 அடி 3 அங்குலம். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு. எந்த உடலையும் ஊருக்கு எடுத்துப்போக ஆணையம் விடவில்லை. அடியில் குடும்பத்தார் வரி பொறிக்க 66 எழுத்து வரை அனுமதி, இடைவெளியும் அதில் சேர்த்தி.

எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸோ ஷேவிங் நுரையோ தடவாதே, கல் அரித்துவிடும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது படமெடு, அல்லது கொஞ்சம் தண்ணீர் தெளி. பெயர்ப் பதிவேடு சுவரில் பதித்த சிறு பெட்டிக்குள் இருக்கும், படித்துவிட்டு அதே இடத்தில் வை. உழுத வயலில் துருப்பிடித்த குண்டு கிடந்தால் காலால்கூடத் தள்ளாதே, இன்னும் வெடிக்கிறவை உண்டு.

அன்புடன்,
அப்பா