கேபிளுக்கும் ஒரு 916 வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் திருச்சியில் பதினாறு ஆண்டுகளாகக் கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகிறேன். கூடவே சார்ஜர், கேபிள் விற்பனையும் உண்டு. மின்னேற்றி, மின்வடம் என்று எழுதத் தெரியாமல் இல்லை. பெட்டியின் மேல் என்ன அச்சிடப்பட வேண்டும் என்பதைப் பற்றியே இந்த மடல் பேசுவதால், கடைக்கு வருகிறவர்கள் எந்தச் சொல்லால் கேட்கிறார்களோ அதையே எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஓர் அம்மா புதிய டார்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வீட்டில் மகனுடைய மடிக்கணினி சார்ஜரில் செருகினால் ஏறவில்லை; தம்முடைய பழைய கைபேசி சார்ஜரில் செருகினால் ஏறுகிறது. "இதுவும் சி பின், அதுவும் சி பின், அப்புறம் ஏன் தம்பி ஏறல?" என்று கேட்டார். டார்ச்சைப் பிரித்து லென்சுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். சி பின்னில் சிசி என்ற பெயரில் இரண்டு முனைகள் உண்டு. அவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர், அதாவது மின்தடை, கிரவுண்டு என்னும் திரும்பு கம்பிக்கு இறங்க வேண்டும். மறுமுனையில் ஒரு கருவி காத்திருக்கிறது என்பதை டைப்-சி சார்ஜர் அறிந்துகொள்வது அந்த ரெசிஸ்டரைக் கொண்டுதான். அது தென்படாத வரை ஒழுங்காகச் செய்யப்பட்ட சார்ஜர் 5 வோல்ட்டைக்கூட வெளியே விடாது. இந்த போர்டில் இரண்டு ரெசிஸ்டருமே இல்லை. அகலமான பழைய ஏ முனை கொண்ட சார்ஜருக்கு இந்த விசாரிப்பெல்லாம் கிடையாது, அது எப்போதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் அதில் மட்டும் ஏறியிருக்கிறது. மணல் அளவு ரெசிஸ்டர்கள் இரண்டைப் பற்றவைத்துக் கொடுத்தேன், மகன் சார்ஜரிலும் ஏறியது. தயாரித்தவர் மிச்சம் பிடித்தது சில பைசா. பெட்டியின் மேலோ 'டைப்-சி சார்ஜிங்' என்று கட்டைவிரல் அகல எழுத்தில் அச்சிட்டிருந்தார்.

சின்னத் தயாரிப்பாளர்கள் மட்டும்தான் இப்படி என்று சொல்லிவிட முடியாது. 2019-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 என்னும் சிறு கணினியிலும் ஏறக்குறைய இதே தவறு நேர்ந்தது. இரு சிசி முனைகளுக்கும் தனித்தனியே இருக்க வேண்டிய ரெசிஸ்டரை ஒன்றாக்கி இரண்டுக்கும் பொதுவில் வைத்துவிட்டார்கள். விளைவு, சாதாரணக் கேபிளில் அது இயங்கியது, உள்ளே சிப் வைத்த உயர்தரக் கேபிளில் இயங்கவில்லை. அந்தச் சிப்பும் சேர்ந்துகொண்டதில், எதிரே இருப்பது ஏதோ ஒலிக்கருவி என்று சார்ஜர் எண்ணிக்கொண்டு மின்சாரம் தர மறுத்தது. விலை கூடிய கேபிள் வாங்கியவருக்குத்தான் தண்டனை. தயாரித்தவர்கள் தவறை ஒப்புக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்தினார்கள்.

இப்போது தங்கள் முத்திரைக்கு வருகிறேன். 2012-ஆம் ஆண்டு ஆணையில் தொடங்கிய கட்டாயப் பதிவுத் திட்டத்தில் கைபேசி அடாப்டர்களும் பவர் பேங்குகளும் பின்னர் சேர்க்கப்பட்டன. ஆர் என்ற எழுத்துக்குப் பின் எட்டு இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணைத் தங்களுடைய பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் யார் தயாரித்தது என்பது தெரிகிறது; நானும் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது இட்டுப் பார்ப்பதுண்டு. இந்தத் திட்டம் வருவதற்கு முன்பு கடைகளில் கிடந்த சார்ஜர்களைப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பெரிய காரியம். ஆனால் அந்த முத்திரை பேசுவது பாதுகாப்பைப் பற்றி: தொட்டால் ஷாக் அடிக்காது, சூடேறித் தீப்பிடிக்காது. அந்தச் சார்ஜர் எந்தக் கருவிக்கு எவ்வளவு தரும் என்பதை அது சொல்வதில்லை. தனியாக விற்கும் கேபிள்களிலோ, என் கைக்கு வந்தவரை, அந்த எண்ணே இருப்பதில்லை.

யூஎஸ்பி-சி இணைப்பானின் விவரக்குறிப்பு 2014-இல் வெளியானது. இதன் பன்னாட்டுத் தரநிலையைத் தழுவி ஐ.எஸ்./ஐ.இ.சி. 62680-1-3:2022 என்ற இந்தியத் தரநிலையைத் தாங்கள் 2023 ஜனவரியில் வெளியிட்டீர்கள். கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் ஒரே சார்ஜர் போதும், வீட்டில் வயர் குப்பை குறையும் என்ற நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் தரநிலை அடக்கியிருப்பது முதன்மையாக இணைப்பானையும் கேபிளையும் அவற்றின் மின்பேச்சையும் பற்றிய விதிகளை. அந்த விதிகளுக்குள்ளேயே நின்று 60 வாட் கேபிளும் செய்யலாம், 240 வாட் கேபிளும் செய்யலாம், வெளியே பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

கேபிள் விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடையில் அதிகச் சண்டை வருவது இதனால்தான். இருபுறமும் சி முனை கொண்ட சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக வேண்டுமானால், தன் தாங்குதிறனைச் சார்ஜரிடம் சொல்லும் சிப் ஒன்று கேபிளுக்குள் இருந்தாக வேண்டும். சார்ஜரும் கருவியும் எவ்வளவு மின்சாரம் என்று பேசி முடிவு செய்யும் பொது முறைக்குப் பவர் டெலிவரி என்று பெயர்; 2021-இல் வந்த அதன் 3.1 விவரக்குறிப்பு 48 வோல்ட், 5 ஆம்பியர் என்று 240 வாட் வரை கொண்டுபோனது. இவ்வளவும் தெரிந்துகொண்டு வந்தவருக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. என் மேசையில் உள்ள மீட்டரில் 45 வாட் சார்ஜரையும், 45 வாட் வரை ஏற்கும் கைபேசியையும், 60 வாட் என்று அச்சிட்ட கேபிளையும் இணைத்துக் காட்டினால், திரை 9 வோல்ட், 2.7 ஆம்பியர் என்று சுமார் 25 வாட்டில் நின்றுவிடும். அறுபதில் நாற்பத்தைந்து அடங்காதா என்று வாடிக்கையாளர் கேட்பது நியாயமான கணக்கு. அந்தக் கைபேசி கேட்பது 10 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், கேபிள் தாங்குவதோ 3 ஆம்பியர். ஆகவே வாட் மட்டும் அச்சிட்டால் போதாது, ஆம்பியரும் வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

வேகம் இன்னொரு கதை. மின்சாரம் நன்றாகக் கடத்தும் பல கேபிள்கள் தரவு விஷயத்தில் 2000-ஆம் ஆண்டு வந்த யூஎஸ்பி 2.0-இன் வேகமான விநாடிக்கு 480 மெகாபிட்டிலேயே நிற்கின்றன. கருவிகளிலும் அப்படியே: 2023-இல் ஐபோன் 15 சி பின்னுடன் வந்தபோது, சாதாரண மாடல் 480 மெகாபிட், புரோ மாடல் 10 கிகாபிட், துளையில் எந்த வேறுபாடும் தெரியாது. திருமண வீடியோ எடுப்பவர்கள் கேபிளை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

இந்த யூஎஸ்பி வேகங்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இயங்கும் யூஎஸ்பி இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரம் அமைப்பினர். 2008-இல் யூஎஸ்பி 3.0 என்று அறிமுகமானது, பிறகு யூஎஸ்பி 3.1 ஜென் 1 ஆனது, பிறகு யூஎஸ்பி 3.2 ஜென் 1 ஆனது. வேகம் மட்டும் மாறாமல் அதே 5 கிகாபிட். ஒரு பொருளுக்கு மூன்று முறை பெயர்சூட்டு விழா நடத்திய பிறகு, 2022-இல் அவர்களே இறங்கிவந்து, வாங்குவோர் கண்ணில் படும் இடத்தில் பதிப்பெண்கள் வேண்டாம், '40 கிகாபிட்', '240 வாட்' என்று எண்ணையே முத்திரையாகப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. ஆனால் அந்த முத்திரை சோதனைக்கு அனுப்பித் தேறி உரிமம் பெற்றவருக்குத்தான்; சோதனைக்கே போகாத ஒருவர் அதே வடிவத் துளையை வைத்து விற்பதை அது தடுப்பதில்லை. எனவே முத்திரை இல்லாத கேபிள் மோசமானது என்றும் என்னால் சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. திருச்சிக் கடைகளில் முத்திரையுள்ள கேபிளைத் தேடிப் பாருங்கள், தெரியும்.

முத்திரையின்மை சும்மா ஒரு அசௌகரியம் அன்று என்பதற்குப் பென்சன் லியுங் என்ற கூகுள் பொறியாளரின் அனுபவம் போதும். அவர் 2015-இல் இணையத்தில் விற்ற சி கேபிள்களைத் தம் செலவில் வாங்கிச் சோதிக்கத் தொடங்கினார். ஏ முனையிலிருந்து சி முனைக்குப் போகும் கேபிளில் 56 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் பலர் 10 கிலோஓம் வைத்திருந்தனர். அது கருவியிடம் '3 ஆம்பியர் தாராளமாக இழுத்துக்கொள்' என்று சொல்லும் பொய். அந்தப் பக்கம் இருக்கும் பழைய சார்ஜரோ கணினியின் துளையோ அவ்வளவைத் தாங்காது. 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு கேபிளில் மின்முனையும் கிரவுண்டும் இடம் மாறியே பற்றவைக்கப்பட்டிருந்தன; செருகியதும் அவருடைய மடிக்கணினி பழுதானது. அடுத்த மாதமே அமேசான், விவரக்குறிப்புக்குப் பொருந்தாத சி கேபிள்களைத் தன் தளத்தில் விற்கத் தடை விதித்தது. அதாவது, ஒரு தனிமனிதர் தம் கணினியைப் பலிகொடுத்த பிறகு.

ஐரோப்பிய ஒன்றியம் கைபேசி முதலியவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதல் சி பின்னைக் கட்டாயமாக்கியபோது, துளையோடு நிறுத்தவில்லை. பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு படக்குறியாலும், கருவிக்குக் குறைந்தது எத்தனை வாட், முழு வேகத்துக்கு எத்தனை வாட் என்பதை இரண்டு எண்களாலும், பவர் டெலிவரி உண்டென்றால் அதையும் காட்ட வேண்டும் என்று விதித்தது. கம்பெனிகள் தத்தம் சொந்த வேகச் சார்ஜிங் முறைகளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பொது முறையும் முழுதாக இயங்க வேண்டும். 80 வாட் என்று பெருமையடிக்கும் சார்ஜர் இன்னொரு கம்பெனியின் கைபேசிக்கு 10 வாட் மட்டும் கொடுக்கும் கூத்து நம்மூரில் அன்றாடம் நடப்பதால், இந்த விதியின் அருமை எனக்கு நன்றாகப் புரிகிறது. அங்கும் ஒரு குறை உண்டு: அந்தச் சீட்டு கருவியைப் பற்றியது, தனியாக விற்கும் கேபிளைப் பற்றியதன்று.

இதையெல்லாம் மக்கள் படித்துப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று தங்கள் குழுவில் யாரேனும் சொல்லக்கூடும். அவர்களுக்குத் தாங்களே பதில் வைத்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிகூட நகைக்கடையில் '916-ஆ?' என்று கேட்டுவிட்டுத்தான் வளையலைக் கையில் வாங்குவார். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்ற அந்த எண்ணைப் பெயராகவே ஊருக்குப் பழக்கிவிட்டது தங்கள் ஹால்மார்க். பிறகு 2023 ஏப்ரல் முதல் ஆறு இடக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கவே முடியாது என்றும் ஆக்கினீர்கள். அந்த எண் நகைப்பெட்டியில் இல்லை, நகையிலேயே இருக்கிறது. நான் கேட்பது அவ்வளவுதான். பெட்டி கடையிலேயே கிழிந்து குப்பைக்குப் போகிறது. கேபிள் நான்கு ஆண்டு வீட்டில் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே கேபிளின் இரு தலைகளிலும், ஆம்பியர், வாட், தரவு வேகம் ஆகிய மூன்றும், நகத்தால் சுரண்டினால் போகாதபடி பொறிக்கப்பட வேண்டும். சார்ஜரில், இப்போது கண்ணாடி போட்டாலும் தெரியாத சாம்பல் எழுத்தில் அடியில் கிடக்கும் வோல்ட், ஆம்பியர் விவரங்கள் துளைக்குப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டு துளை உள்ள சார்ஜரில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் எதற்கு எவ்வளவு என்பதும். பிஸ்கட் பொட்டலத்தில் எடையைக் குறிக்கும் எண்ணுக்குக் குறைந்தபட்ச உயரம் விதித்திருக்கும் அதே துறைக்கு இது புதிய வேலை இல்லை. புதிதாக ஒரு சின்னம் வரைந்து ஏற்கெனவே இருக்கும் கூட்டத்தோடு சேர்த்துவிட வேண்டாம் என்று மட்டும் தனியே கேட்டுக்கொள்கிறேன்.

செலவு கூடும் என்பதை மறைக்கவில்லை. அறுபது ரூபாய்க் கேபிள் அறுபது ரூபாய்க்குக் கிடைக்காது. ஒவ்வொரு மாடலையும் ஆய்வகத்துக்கு அனுப்பும் கட்டணத்தைச் சிறு தயாரிப்பாளரால் தாங்க முடியாமலும் போகலாம். அதனால் முதல் கட்டத்தில் தயாரிப்பாளரே தம் பொறுப்பில் எண்களை அறிவிக்கட்டும், தாங்கள் சந்தையிலிருந்து எடுத்துச் சோதியுங்கள், பொய் என்று தெரிந்தால் அபராதம் போடுங்கள். செயலியில் ஆர் எண்ணை இட்டால் தயாரிப்பாளர் பெயரோடு அறிவித்த வாட்டும் ஆம்பியரும் வரட்டும்; நாங்கள் மீட்டர் வைத்திருக்கிறோம், ஒப்பிட்டுப் பார்த்துத் தங்களுக்கே புகார் அனுப்புவோம். நானும் யோக்கியன் இல்லை. மீட்டர் வாங்கும் வரை, '65 வாட்' என்று அச்சிட்டிருந்ததை நம்பி எத்தனையோ கேபிள்களை விற்றிருக்கிறேன். பிறகு சோதித்ததில், எஞ்சியிருந்த பதினொன்றில் ஏழு, சிப்பே இல்லாத 3 ஆம்பியர் கேபிள்கள். அவற்றின் மேல் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் '3 ஆ.' என்று எழுதி, விலையைக் குறைத்து விற்கிறேன்.

தரநிலைகளின் வரைவுகளைத் தாங்கள் பொதுமக்கள் கருத்துக்குச் சுற்றுக்கு விடுவது வழக்கம். கேபிள் குறியீடு பற்றிய வரைவு வரும்போது, பழுதுபார்ப்பவர்கள் படிக்கும்படி தமிழிலும் அதை வெளியிடுங்கள். தேவையென்றால் அந்த ஏழு கேபிள்களையும் டார்ச்சிலிருந்து நான் எடுத்து வைத்திருக்கும் படங்களையும் தரமணியில் உள்ள தங்கள் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவருகிறேன். ஞாயிறு தவிர எந்த நாளும் கடையைப் பூட்டிவிட்டு வரச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கைபேசி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி