தாத்தா பார்த்த காட்ஸில்லா

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் வீடியோ காலில் உன் மகன், ஜப்பானிய சினிமாவில் வருகிற ராட்சத மிருகம் காட்ஸில்லாவின் பொம்மையைத் தூக்கிக் காட்டி, "தாத்தா, இது நல்லது, கெட்ட மிருகத்தையெல்லாம் அடிச்சிரும்" என்றான். அவன் பார்ப்பதெல்லாம் பிற்காலத்துப் படங்கள். அறுபதுகளிலிருந்து அதைப் பிள்ளைகளுக்குத் தோழனாக்கிவிட்டார்கள். நீயாவது 1954இல் வந்த முதல் படத்தைப் பார்த்துவிடு. கறுப்பு வெள்ளைதான். டோக்கியோவிலேயே குடியிருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருந்தால் எப்படி?

அந்த வருஷம் மார்ச் 1ஆம் தேதி பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஆபத்துப் பகுதி என்று அறிவித்த எல்லைக்கு வெளியேதான் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு நின்றது. அதன்மேல் கதிர்வீச்சு கலந்த வெள்ளைச் சாம்பல் கொட்டியது. இருந்த 23 பேருக்கும் உடம்பு கெட்டது. வானொலிக் கருவியைப் பார்த்துக்கொண்டவர் செப்டம்பரில் இறந்துபோனார். சூரை மீன் வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள். நவம்பரில் படம் வந்தது. ஹைட்ரஜன் குண்டுச் சோதனை கிளப்பிவிட்ட மிருகம்தான் அதில் காட்ஸில்லா. ஆரம்பமே ஒரு கப்பல், கடலில் பளீரென்று ஒரு வெளிச்சம். அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு யாரும் எதையும் விளக்கியிருக்க வேண்டாம்.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து சீனாவிலிருந்து வீடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைப் பார்த்தவர். நகரம் எரிவதோடு அவர் நிறுத்தவில்லை, அடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். இடமில்லாமல் காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள். ஒரு சின்னப் பெண்ணிடம் கதிர்வீச்சை அளக்கும் கருவியை நீட்டிவிட்டு டாக்டர் தலையை ஆட்டுகிறார். மிருகம் வரும் எந்தக் காட்சியும் என்னை அவ்வளவு உலுக்கவில்லை.

ரப்பர் உடுப்புக்குள் ஆள்தானே என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். உள்ளே இருந்த முக்கியமான ஆள் ஹருவோ நகாஜிமா. நடக்கவே திணறவைக்கும் கனம் அந்த உடுப்பு. உறுமலை மட்டும் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்கச் சொல். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பாஸ் என்கிற, பெரிய வயலின் மாதிரியான வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்க்கவைத்து எடுத்த சத்தம் அது.

ஜப்பானிய மூலத்தையே தேடிப் பிடி. 1956இல் அமெரிக்காவில் ஒரு நிருபர் பாத்திரத்தை நுழைத்து, குண்டைப் பற்றிய பேச்சைப் பெரும்பாலும் கத்தரித்து வெளியிட்டார்கள். அந்த வெட்டுப்படம் வேண்டாம்.

பேரனுக்கு இப்போதே காட்டாதே, ராத்திரி தூங்கமாட்டான். அவனை யுமெனோஷிமா பூங்காவுக்குக் கூட்டிப்போ. சாம்பல் கொட்டிய அந்த மரப்படகை, அதன் பெயர் டைகோ ஃபுகுர்யு மாரு, அங்கே தனிக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். படகென்றால் அவனுக்கு உயிராயிற்றே. என்ன கேட்டான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா