எங்கள் மாலை வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பாதையோரம் இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில், பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பின் முதல் தொகுதி சென்ற மாதத்தோடு முடிந்தது. உதவியவர்களை அழைத்து மாலை போட்டு நன்றி சொல்லலாம் என்று கோயில் கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. மாலைக்குப் போகும் காசுக்குத் தாள் வாங்கலாமே என்று படித்த பெண்களே தடுத்துவிட்டார்கள். சரி, மாலைக்குப் பதில் இந்த மடல். "என் பேரைப் போட்டுறாதீங்க டீச்சர்" என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் எழுதவில்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கண்ணாடிக்கு ஏற்பாடு செய்தவர்களுக்கு. வகுப்பு தொடங்கிய புதிதில் "மண்டையில ஏற மாட்டேங்குது" என்று கொப்பியை மூடிவைத்த அக்காமாரில் பலருக்கு மண்டையில் ஒரு குறையும் இல்லை. வெறும் வெள்ளெழுத்துத்தான். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து கலங்கித் தெரிவது யாருக்கும் வருகிறதுதான். கந்தோரில், அதாவது ஆபீஸில், இருப்பவர் அன்றைக்கே கண்ணாடி வாங்கிவிடுவார். மலையில் கொழுந்து எடுப்பவருக்கோ கைப்பழக்கத்திலேயே வேலை நடந்துவிடுவதால் அந்தக் குறை இருப்பதே தெரியாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு நர்ஸ் மிஸ்ஸி. பௌர்ணமிப் போயா லீவு நாளில், வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கே வந்து ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்த்தார். கண்ணாடிகளை வாங்கித் தந்தது டிக்கோயாவில் கடை வைத்திருக்கும் இரண்டு அண்ணன் தம்பிமார். அதற்கு அப்புறம்தான் எங்கள் வகுப்பு உண்மையில் தொடங்கியது என்பேன்.

புத்தக விஷயத்துக்கு வருகிறேன். பாலர் வகுப்புப் புத்தகங்களை வைத்துத்தான் எல்லோரும் தொடங்கச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, பேரனுக்குக் காது குத்திப் பார்த்த ஒருவரை உட்காரவைத்து அணில், ஆடு என்று சொல்லச் சொல்வது மரியாதைக் குறைவு. எழுத்து தெரியாதே தவிர அவர்களுக்குத் தெரியாதது குறைவு. கூடையைக் கையால் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்கிறவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். தராசில் வைத்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகவே பெரும்பாலும் நேர்க்கோட்டில் எழுதக்கூடிய ட, ப, ம, ய என்ற எழுத்துகளில் தொடங்கி, தங்கள் பெயர், பிள்ளைகள் பெயர், கொழுந்து, கூடை, சம்பளம் என்று போனோம். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு வளைந்த எழுத்தைவிட நேர்க்கோடு கொஞ்சம் இடம் கொடுக்கும்.

டொரன்டோவில் இருக்கும் சித்தி மகள் அக்காவுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும். அங்கே பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறார். கனடாவில் வேலைக்கு அவசியமான திறன்களை ஒன்பதாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு, வாய்ப்பேச்சு, கணினி என்று போகும் அந்தப் பட்டியலை 2021 இல் திருத்தி வேறு பெயரில் வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் பழைய பட்டியலில் இருந்த ஒரு விஷயம்தான் எங்களுக்கு வழிகாட்டியது. படிவம், அட்டவணை, லேபல், சீட்டு ஆகியவற்றைப் பார்த்துப் பயன்படுத்துவதைச் சாதாரண வாசிப்போடு சேர்க்காமல் தனித் திறனாக வைத்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயம். கதையை மேலிருந்து கீழாக வாசிக்கலாம். சம்பளச் சீட்டை அப்படி வாசிக்க முடியாது. எந்தக் கட்டத்தில் எதைத் தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அக்கா அனுப்பிய மாதிரிகளில் பேக்கரி வேலைப் பட்டியலும் களஞ்சியப் பட்டியலும் இருந்தன. அவற்றை இங்கே வைத்து என்ன செய்வது? ஆனால் வேலைத்தளத்தில் புழங்கும் உண்மையான தாள்களையே பாடமாக்குவது என்ற அந்த முறை எங்களுக்கு அப்படியே பொருந்தியது. எங்கள் தாள்களைத் தேடினோம்.

தேடியபோது முதலில் கை கொடுத்தவர் எங்கள் பெரிய கிளாக்கர் ஐயா. எழுதாத சம்பளச் சீட்டுகளை வாங்கித் தந்ததோடு, கந்தோர் மூடிய பிறகு வந்து ஒவ்வொரு கட்டமும் எதற்கு என்று விளக்கினார். எத்தனை பேர் விழுந்திருக்கிறது (ஒரு நாள் வேலை பதிந்தால் ஒரு பேர்), அரைப்பேர் எத்தனை, மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்று வரிசையாகச் சொன்னார். பிடிப்பதிலேயே எத்தனை வகை! சங்கச் சந்தா, கோயில் பணம், தேயிலைத் தூள், அட்வான்ஸ், வங்கிக் கடன். "நீங்களே சொல்லிக்குடுத்துட்டு நாளைக்கு நீங்களே பதில் சொல்லணும்" என்று யாரோ அவரைக் கிண்டல் செய்தார்கள். கட்டம் தெரிந்து கேட்கிறவருக்குப் பதில் சொல்வது லேசு, சத்தம் போடுகிறவருக்குச் சொல்வதுதான் கஷ்டம் என்று சிரித்துவிட்டுப் போனார்.

வேலையை விட்ட பிறகு கைக்கு வரும் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி பற்றிய பாடம்தான் வகுப்பிலேயே அதிக நேரம் எடுத்தது. 2024 இல் வந்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துப் பலகையில் கணக்குப் போட்டோம். மாதத்தில் 20 நாள் வேலை என்றால் 27,000 ரூபாய். அதில் தொழிலாளியிடம் பிடிப்பது 8 வீதம், அதாவது 2,160 ரூபாய். தோட்டம் தன் பங்காகப் போட வேண்டியது 12 வீதம், 3,240 ரூபாய். இரண்டும் சேர்ந்து 5,400 ரூபாய் நிதிக்குப் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொரு நிதிக்குத் தோட்டம் தனியாக 3 வீதம், 810 ரூபாய் கட்ட வேண்டும். அதைச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. சேமலாப நிதிச் சட்டம் 1958 இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "அப்ப தொர பக்கத்துலயும் காசு போடணுமா?" என்று எழுந்து கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பேர் விழுந்தவர் அவர். அன்றைக்கு வகுப்பு இருட்டியும் கலையவில்லை.

அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் பெயர்ப் பிரச்சினை. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் யார் யாரோ காதில் விழுந்தபடி எழுதி வைத்த பெயர்கள். வேலையில் இருக்கும்வரை இது யாரையும் உறுத்தாது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் நிதிக் காசை எடுக்கப் போகும்போதுதான் "இது நீங்கள்தானா?" என்ற கேள்வி வரும். அப்புறம் சத்தியக் கடதாசி, அலைச்சல், பஸ் காசு. தொழில் திணைக்களத்தில் வேலை செய்யும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் லீவில் வந்திருந்தபோது, எந்தப் படிவம், எந்த ஆவணம், எங்கே போய் யாரைக் கேட்பது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். கிராம உத்தியோகத்தர் அம்மாவும் கூடவே இருந்தார். வயது வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பெயரைத் திருத்தக் கிளம்பியவர்கள் வகுப்பில் உண்டு. நாங்கள் நடத்திய பாடங்களில் அதிகம் பலன் தந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

சிங்களத்தில் மட்டும் இருக்கிற படிவங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் எங்கள் ஆட்கள் போய் நின்ற ஓர் அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்று சிங்களப் படிவத்தைத்தான் நீட்டினார்கள். தமிழில் கேட்பது உரிமை, அதை விடக்கூடாது. ஆனாலும் பஸ் பலகையையும் மருந்துத் துண்டையும் வாசிக்கும் அளவுக்காவது சிங்களம் தெரிந்தால் நல்லது என்று பக்கத்துப் பாடசாலைச் சிங்கள ஆசிரியை தானாகவே வந்து சொல்லித் தந்தார். வரும்போதெல்லாம் கொக்கிஸோ ஏதோ ஒரு பலகாரம் கொண்டுவருவார். மெத்தப் பெரிய நன்றி, மிஸ்.

ஆண்கள் வகுப்புக்கு வந்ததே தோட்டத்தில் மருந்தடிக்கும் பாடத்துக்குத்தான். லேபலில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தாலும் எழுத்து எறும்பு அளவுதான். அதைப் பெரிதாக்கிப் போட்டோகொப்பி எடுத்துத் தந்த ஹட்டன் கடை அண்ணன், பாதிக் காசுகூட வாங்கவில்லை. 16 லீற்றர் டாங்கிக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று அளந்து பார்க்கவும், கையுறை, முகமூடிப் படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் பழகினார்கள். அதோடு பலர் நின்றுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பைத் தாங்கியது பெண்கள்தான். வகுப்பு நாட்களில் வீட்டில் ரொட்டி தட்டிய கணவன்மாருக்கும் நன்றி. அவர்கள் கொஞ்சப் பேர் என்பதால் அவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்.

மழைக்காலத்தில் ஒரு வாரம் முழுவதும் மண்சரிவு எச்சரிக்கைப் பாடம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தரும் எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். போனில் வருகிற அந்தச் செய்தியில் பிரதேச செயலகப் பிரிவின் பெயரைத் தேடி வாசிக்கவும் பழகினோம். அந்தப் பாடத்துக்கு வண்ணத் தாள் வெட்டிப் படம் ஒட்டித் தந்தது ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த பிள்ளைகள். கொப்பிகளில் வரிக்கோடு போட்டது, அம்மாமார் வாயால் சொன்ன கதைகளை எழுதி வாசிக்கக் கொடுத்தது, எல்லாம் அவர்கள் வேலை. இனி அந்தப் பிள்ளைகளின் ரிசல்ட்ஸ் நன்றாக வர நாங்கள் வேண்டிக்கொள்கிறோம்.

பழைய பேப்பர்களைக் கட்டி அனுப்பிய நோர்வூட் கடை முதலாளி, பிள்ளைக்காம்பராவை மாலையில் திறந்துவிட்ட அக்கா, பல்பு போன அன்றைக்கே மாற்றித் தந்த எலக்ட்ரீஷன் தம்பி, சாயத் தேத்தண்ணி ஊற்றித் தந்த கோயில் பக்கத்து வீட்டு ஆத்தா ஆகியோருக்கும் நன்றி. கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாக ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் அனுப்பியவருக்கும் நன்றி. அவர் மனது பெரியது. அந்தப் புத்தகங்களைப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம். அடுத்த முறை அனுப்புவதற்கு முன் ஒரு போன் போடுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது தொகுதி தைப்பொங்கல் முடிந்து தொடங்குகிறது. கொப்பியும் பென்சிலும் இப்போதைக்குப் போதும். வேண்டியது உண்மையான தாள்கள்: வங்கியில் காசு போடும், எடுக்கும் படிவங்கள், கிளினிக் கொப்பியின் வெற்றுப் பக்கங்கள், மின்சாரக் கட்டணச் சீட்டு, உரப்பையில் ஒட்டிய லேபல், கார்மன்ட்ஸ் வேலைக்கான விண்ணப்பம், எதுவானாலும் சரி. சொந்த விவரம் எழுதியிருந்தால் அதை மறைத்துவிட்டுத் தாருங்கள். காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம், அதில் போட்டுவிடலாம். தமிழ்ப் படிவம் கிடைத்தால் இரண்டு பிரதியாக எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
வகுப்பில் படித்தவர்கள் சார்பில்,
டீச்சர்